நாலாம் நம்பர் மெஷினின் பதினாலு நிமிடங்கள்

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொடியம்மா என்றால்தான் தெரியும். கிண்டலுக்காக எவனோ வைத்த பெயர். அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற இடம் அது. எட்டு மெஷின்கள். பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டு என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்தி, பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை வாயைத் திறந்து முப்பத்திரண்டு மூடிகளைத் துப்பும், அதற்கு ஒரு ஷாட் என்று பெயர். எட்டில் எது நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, எதனால் நின்றது என்று எழுதுவதுதான் அவள் உத்தியோகம். கையில் கிளிப் வைத்த அட்டை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச், காதுக்கு மேலே பென்சில்.

"மெஷின் நிக்கிறதை வேடிக்கை பாக்க ஒரு சம்பளமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு என்ன, வாய் சும்மாதானே இருக்கிறது. ஓடவேண்டிய நேரத்தில் மெஷின் எவ்வளவு ஓடியது, ஓடியபோது ஓடவேண்டிய வேகத்தில் ஓடியதா, வந்த மூடியில் உருப்படியானது எத்தனை. இந்த மூன்றையும் சதவீதமாக்கி ஒன்றோடொன்று பெருக்கவேண்டும். பெருக்கி வருவதுதான் மெஷினின் உண்மையான லட்சணம். "எம்பது சதம் ஓடியிருக்கு, தொண்ணூறு சதம் வேகம், தொண்ணூறு சதம் நல்ல மூடி, இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?" என்று ஆபரேட்டர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவள் பெருக்கிக் காட்டுவாள். அறுபத்து நாலு புள்ளி எட்டு.

"அறுபத்தஞ்சுன்னு போட்டா கை தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சிடும்ணே."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடத்தைக் கூட்டியோ குறைத்தோ அவளிடம் வாங்க முடியாது. நாலாம் நம்பர் மெஷினின் ராத்திரி ஆபரேட்டர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பகல் ஷிப்டில் இருந்தபோது, அவர் ஏழு நிமிடம் ஒதுங்கிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அட்டையில் 'ஆபரேட்டர் இடத்தில் இல்லை, ஏழு நிமிடம்' என்று மணிமணியாக எழுதியிருக்கிறாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு வழி?

பாப்பா பிறந்த பிறகுதான் எல்லாம் மாறியது. இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு செய்த கல்யாணம். தொட்டில் ஆட்ட இந்தப் பக்கமும் ஆள் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. ஒரு சம்பளத்தில் வாடகை கொடுத்தால் வயிற்றுக்கு மிஞ்சாது. கடைசியில் அவர் ராத்திரி ஷிப்டு, அவள் பகல் ஷிப்டு என்று பிரித்துக்கொண்டார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு அவளுக்கு, மாலை ஆறிலிருந்து காலை ஆறு அவருக்கு. ஒருவர் கிளம்பி ஒருவர் வருகிற இடைவெளியில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்துவைத்து ஒரு காது கொடுப்பார்.

இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. அவள் வீடு வரும்போது அவர் சமைத்துவைத்த சோறு மூடியிருக்கும், அவர் இருக்கமாட்டார். தலையணையில் அவர் தலை அழுந்திய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்திலேயே தலையை வைத்துப் படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில்தான், ஆனால் அவர் உடம்பு ராத்திரிக்குப் பழகிப்போனது. பகலெல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். அவர் எழும்போது இவளுக்குக் கண் சொக்கும். ஒருநாள் பாப்பா கேட்டாள்: "அம்மா, நீயும் அப்பாவும் சண்டையா? ஏன் பேசிக்கவே மாட்டேங்கறீங்க?"

"போடி, சண்டை போடவே நேரம் இல்ல," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பார்த்துக்கொள்ள முடிவது காலையில் மட்டும்தான். மாலையில் ஆட்களை இறக்கிய பஸ் அங்கேயே இவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும், டிரைவருக்கு வேறு ட்ரிப் உண்டு. காலையில் அப்படி இல்லை. ஆறு மணிக்கு ஷிப்டு மாறினால் ஆறு இருபதுக்குத்தான் பஸ். மெஷினைக் கைமாற்றிவிட்டவர்கள் கூடத்துக்குள் நிற்கக்கூடாது, உடனே வெளியே போய்விட வேண்டும், அது சட்டம். ஆனால் நாலாம் நம்பருக்குக் காலையில் ஒரு வியாதி வரும். சரியாக ஆறு மணிக்கு மூடிகள் மோல்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அவர் மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, மோல்டில் கீறல் விழாத பித்தளைக் கம்பியால் நோண்டுவார். நிற்கிற மெஷின் பக்கத்தில் நிற்கவேண்டியது நொடியம்மாவின் வேலையாயிற்றே, ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு நிற்பாள். பகல் ஆபரேட்டர் ஒரு டீப்பைத்தியம். "உன் வீட்டுக்காரர் நோண்டி முடிக்கட்டும், நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்," என்று நழுவிவிடுவார்.

"பாப்பாவுக்கு இருமல் எப்படி?" கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"தேவலை. ராத்திரி ஒருதடவைதான் இருமினா."

"கேஸ் வந்துச்சா?"

"நாளைக்குன்னான்."

மனுஷன் அவ்வளவுதான் பேசுவார். நடுவில் மெஷினை ஓடவிடுவார், ஒரு ஷாட் அடிக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி நிறுத்துவார். இப்படி மூன்று தடவை. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தத்தை எழுதவேண்டாம் என்பது அங்கே பழைய விதி. நாலே முக்காலில் ஓடிவிட்டால் அவள் எழுதமாட்டாள், விதி விதிதான். வேறு எதையாவது பேசமாட்டாரா, கேஸையும் ஸ்கூல் ஃபீஸையும் தாண்டி ஒரே ஒரு வார்த்தை என்று அவளுக்கு ஏங்கும். அதைவிடக் கேவலம், பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கும் அந்தப் பாழாய்ப்போன மோல்டு ஒட்டித் தொலையட்டும் என்று வேண்டிக்கொள்வாள். மெஷின் நிற்கக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் வேண்டிக்கொள்கிற காரியமா இது? வெட்கமாக இருக்கும். ஆனாலும் வேண்டிக்கொள்வாள்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, பெரிய குரலில் பேசாதவர், ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஒவ்வொரு மெஷின் தலையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி மாட்டினார். மூடி எண்ணுகிற பெட்டி என்று ஆபரேட்டர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது மூடியையும் எண்ணியது, நின்ற ஒவ்வொரு நொடியையும் எண்ணியது. ஒரு மாதம் கழித்து மேனேஜர் ஒரு கத்தைத் தாளை நொடியம்மா மேஜையில் வைத்தார்.

"அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ நிக்கிறதெல்லாம் இதுல இருக்கும்மா. சின்னச் சின்னதா எங்க ஒழுகுதுன்னு பாருங்க. காரணத்தை நீங்களே எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நான் மறு கேள்வி கேக்கமாட்டேன்."

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று முடித்து நாலாம் நம்பருக்கு வந்தாள். காலை ஆறு மணி: நாலு நிமிடம் நாற்பது நொடி நின்றது, ஒரு ஷாட், நாலு நிமிடம் நாற்பத்தைந்து நொடி, ஒரு ஷாட், நாலு நிமிடம் முப்பத்தைந்து நொடி. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவள் பென்சில் நின்றுவிட்டது. எந்த மெஷினும் இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகாது. கெட்டுப்போகிற மெஷின் ஒருநாள் இரண்டு நிமிடம் நிற்கும், ஒருநாள் அரைமணி நிற்கும். இது ஐந்து நிமிடத்தைத் தொடாமல் நிற்கத் தெரிந்த ஒரு மனுஷனின் கை.

அவள் வேகவேகமாகத் தாளைப் புரட்டினாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு போட்ட இரண்டு நாட்கள் அதில் இருந்தன. அந்த இரண்டு நாளும் நாலாம் நம்பர் மூன்றே நிமிடத்தில் கைமாறியிருந்தது. எதுவும் ஒட்டவில்லை.

அடப்பாவி மனுஷா! ஆறு வருடமாகவா? வேலை போனால் சோற்றுக்கு இல்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு நாளுமா? கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. தன்மேல் இவருக்கு ஆசையெல்லாம் தேய்ந்துபோயிற்று, வீட்டுக்காரி என்கிற கடமைக்கு இருமலைப் பற்றிக் கேட்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள். தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் கீழே வைத்துவிட்டாள்.

காரணம் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. உள்ளதை எழுதினால் அவர் வேலை போகும். எழுதாமல் விடமுடியாது, எட்டு மெஷினில் இதுதான் பெரிய ஒழுகல். அதைவிட, எழுதினால் அந்தப் பதினாலு நிமிடம் போய்விடும். வாழ்க்கையில் ஒரு நிமிடத்தைக்கூடப் பொய்யாக எழுதாதவள் பென்சிலை எடுத்து, 'மோல்டு ஒட்டுகிறது' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

மேனேஜர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், மறு கேள்வி கேட்கவில்லை. நொடியம்மா எழுதினால் ஒட்டத்தானே வேண்டும்! "தினமும் ஒட்டுற மோல்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? செஞ்ச கம்பெனிக்கே அனுப்பிடுவோம். ஒன்றரை மாசம் ஆகும்," என்றார். "கூட ஒருத்தர் போய் இருந்து சரி பண்ணிட்டு வரணும். உங்க வீட்டுக்காரரை விட அந்த மோல்டைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" ஏதோ கௌரவம் செய்கிற மாதிரிச் சிரித்தார். கம்பெனி இருக்கிற ஊருக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போகவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கவில்லை. பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். மொட்டைமாடியில் ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள்.

"மோல்டு ஒட்டுதுன்னு யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான்."

"அது ஒட்டலயே."

"தெரியும்."

அவர் முறுக்குவதை நிறுத்தினார்.

"நான் லீவு போட்ட ரெண்டு நாளும் உங்க மெஷின் சமத்தா மூணு நிமிஷத்துல கைமாறியிருக்கு," என்றாள். "அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதுதுங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் அவர் தரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன்னைப் பாக்கணும்னு மெஷினை நிறுத்தறேன்னா? நீ எழுதிப்புடுவியே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதியிருப்பேன்தான்," என்றாள். பிறகு அதே வாயோடு அழுகையும் வந்தது. "அவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்திட்டு, கேஸ் வந்துச்சா, ஃபீஸ் கட்டியாச்சான்னு கேட்டீங்களே! உங்க வாயில வேற ஒண்ணுமே வராதா?"

"வேற என்ன கேக்கறதுன்னு தெரியலடி. ஏதாவது கேட்டா, பதில் சொல்ற வரைக்கும் நீ நிப்ப. அதுக்குத்தான் கேட்டேன்."

போர்வை கீழே விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவர்தான் பேசினார்.

"ஒன்றரை மாசம்தானே. போயிட்டு ஓடி வந்துடறேன்."

"ஸ்கூல் லீவு வருது. பகல்ல பாப்பாவை யாரு பாத்துப்பா? அதுவும் போகட்டும். ஒன்றரை மாசம் உங்களைப் பாக்காம என்னால முடியாது. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"பைத்தியமா உனக்கு? ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"நான் எழுதினது பொய்ங்க. அந்தத் தாளை அவர் என்னை நம்பி வெச்சிருக்காரு," என்றாள்.

மறுநாள் மதியம் மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், மோல்டு ஒட்டல. நான் பொய்யா எழுதிட்டேன். எங்க வீட்டுக்காரர் என்கூட நிக்கணும்னு ஆறு வருஷமா தினமும் மெஷினை நிறுத்திட்டு இருந்தாரு. எனக்கும் அந்தத் தாளைப் பாத்தப்புறம்தான் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "நீங்களாம்மா?" என்றார். பிறகு கால்குலேட்டரை இழுத்தார், அவர் தொழில் அது. "ஒரு நாளைக்குப் பதினாலு நிமிஷம். வருஷத்துக்கு முன்னூறு நாள். ஆறு வருஷம். நானூத்தி இருபது மணி நேரம். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் அடுத்த அஞ்சாறு ஷாட் குப்பைக்குத்தான் போகும், அது தனி."

"நானும் போட்டுப் பாத்தேன் சார். பதினேழரை நாள்," என்றாள். "ஆறு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் முழிச்ச கண்ணோட சேந்து நின்னது அவ்வளவுதான்."

அவர் கால்குலேட்டரை மூடினார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"வேலையை விட்டு அனுப்பலை. மோல்டும் போகாது, அவரும் போகவேண்டாம். அவருக்கு ஒரு மெமோ. இனிமே ஓடற மெஷினை ஓடற மாதிரியே கைமாத்தணும், ஆறு அடிச்சா அவர் வெளிய இருக்கணும். ஆனா நீங்க இனிமே எழுதவேண்டாம்மா. நீங்க எழுதறதை நான் சந்தேகத்தோட படிக்கணும், அது எனக்கு முடியாது. பேக்கிங்குக்குப் போங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு குடுக்கமுடியாதா சார்?"

"குடுக்கறேன். குழந்தையை யார் பாத்துப்பாங்க?"

ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். கழுத்து லேசாகிவிட்டதுபோல் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேக்கிங் கூடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிப் பைகள் நிரம்பிய அட்டைப்பெட்டி ஒன்பது நொடிக்கு ஒன்று வரும். நாலு மடலையும் மடித்து, டேப் ஒட்டி, தள்ளிவிடவேண்டும். தலையை நிமிர்த்த நேரமிருக்காது. முதல் நாள் காலை ஆறு மணிக்கு நின்றாள். ஆறு மூன்றுக்கோ நாலுக்கோ எதிரே இருந்த கண்ணாடி ஜன்னலில் நிழல் தட்டியது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பஸ் நிற்கிற முற்றம். மற்ற ராத்திரி ஆட்களெல்லாம் பஸ்ஸில் ஏறி, சீட்டில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மட்டும் டிபன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். யார் வீட்டு மெஷினும் நிற்கவில்லை, அவருடைய சொந்த நேரம், யாரும் கேட்கமுடியாது.

அவள் ஒரு பெட்டியை மூடித் தள்ளிவிட்டு ஒருமுறை பார்த்தாள். அடுத்த பெட்டி வந்துவிட்டது. அதை மூடினாள், பார்த்தாள். அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. ராத்திரி முழுக்க நின்ற கால், தாங்கமுடியாமல் ஒன்றை மாற்றி ஒன்றில் நின்றார். பஸ்ஸில் போய் உட்காருங்களேன் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. கண்ணாடி தடிமனானது, கேஸ் வந்துச்சா என்றுகூடக் கேட்கமுடியாது. கேட்டால் கேட்கட்டுமே, ஆயிரம் தடவை கேட்கட்டும், இருமலைப் பற்றி, வாடகையைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. பெட்டி, பார்வை. பெட்டி, பார்வை.

ஆறு இருபதுக்கு டிரைவர் ஹாரன் அடித்தார். வீட்டுக்காரர் நகரவில்லை. டிரைவர் இரண்டாவது தடவை நீளமாக அடித்தார். வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து பின்பக்கமாகவே நடந்தார், முகத்தைத் திருப்பாமல், படியில் கால் தட்டும்வரை. ஏறினார். ஏறிய பிறகும் கதவோரம் நின்று பார்த்தார். பஸ் கேட்டைத் தாண்டுகிறவரை நொடியம்மா கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் ஒரு பெட்டி, நாலு மடலும் விரிந்தபடி, மூடப்படாமல் பெல்ட்டில் போய்விட்டது.

கடைசியில் நின்று சரிபார்க்கிற அக்கா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாரு விட்டது?"

"நான்தான்க்கா."

"நீயா? நொடியம்மாவா?" அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு குறைப் பட்டியலை எடுத்தார். "என்ன காரணம்னு எழுதறது? டேப் தீந்துபோச்சுன்னு போட்டுடவா?"

அடுத்த பெட்டி வந்திருந்தது. அவள் மடலை மடித்தபடியே சொன்னாள்.

"வேண்டாம்க்கா. எங்க வீட்டுக்காரர் போய்க்கிட்டிருந்தாரு, பாத்துக்கிட்டு நின்னுட்டேன்னு எழுதுங்க."